இருக்கிற இடமே தெரியாத பிள்ளை

"தங்கமான பிள்ளைங்க, இருக்கிற இடமே தெரியாது." நம் வீடுகளில் மனம் குளிர்ந்து சொல்கிற பாராட்டு இது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்வார்கள், பள்ளிக்கூடத்தில் டீச்சர் பெற்றோரிடம் சொல்வார், அலுவலகத்தில் மேனேஜரும் வேறு வார்த்தைகளில் இதையேதான் சொல்வார். ஹாஸ்டலில் நான்கு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழியைப் பற்றியும் எல்லோரும் இப்படித்தான் சொன்னார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு இருப்பது பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிசார்டர் என்று ஒரு மருத்துவர் கண்டுபிடித்துச் சொல்லும்போது அவளுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அதுவரை டிப்ரஷன் என்று மாத்திரை, நடுவில் கொஞ்ச காலம் தைராய்டு என்று மாத்திரை, அப்புறம் "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்". அவளுடைய சம்மதத்தோடு, அவளை அடையாளம் காட்டுகிற விவரங்களையெல்லாம் விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

ஒரு சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவள் தன் நெருங்கிய சிநேகிதிக்கு, சேர்ந்து ஊருக்குப் போவது பற்றி நீளமாக ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தாள். பதில் வந்தது: "சரி". அவ்வளவுதான். எப்போதும் "சரி டி" என்று வரும், அன்றைக்கு அந்த "டி" இல்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள். இரண்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள், கொண்டு வந்து வைத்தாள், மறுபடி எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். "என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லையே" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எந்தக் குறையும் இல்லை, அதனால் நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்துக்கே திரும்பிவிட்டேன். அந்த மூன்று மணி நேரத்தில் உள்ளே என்ன ஓடியது என்று பல வருடம் கழித்துத்தான் சொன்னாள்: "போன மாதம் நான் சொன்ன ஏதோ ஒன்றில் அவளுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது, அவள் என்றில்லை, யாருக்குமே பிடிக்காது, எல்லோரும் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள், நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நிம்மதி." ஒரு எழுத்து குறைந்ததிலிருந்து உயிர் வேண்டாம் என்பது வரைக்கும் போக மூன்று மணி நேரம். அந்தச் சிநேகிதி மறுநாள் காலையில் சாதாரணமாகக் கூப்பிட்டாள், பஸ்ஸில் நின்றுகொண்டு வந்ததால் அவசரமாக டைப் செய்தாளாம்.

சரி, இந்த நோய் என்ன என்று பார்ப்போம். 'பார்டர்லைன்' என்ற பெயரே ஒரு பழைய குழப்பத்தின் மிச்சம். 1938இல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர், அந்தக் காலத்தில் நியூரோசிஸ் (பதற்றம் போன்ற மனச்சிக்கல்) என்றும் சைக்கோசிஸ் (நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோவது) என்றும் பிரித்து வைத்திருந்த இரண்டு பெட்டிகளிலும் அடங்காத ஒரு கூட்டத்தைப் பார்த்து, இவர்கள் எல்லைக்கோட்டில் நிற்கிறார்கள் என்று எழுதினார். அந்தப் பெட்டிகள் போய்விட்டன, பெயர் மட்டும் தங்கிவிட்டது. தமிழில் எல்லைநிலை ஆளுமைக் கோளாறு என்று எழுதுகிறார்கள். 'ஆளுமைக் கோளாறு' என்றால் குணம் கெட்டவர் என்பது போல ஒலிப்பதுதான் எனக்கு இந்தப் பெயரில் பெரிய வருத்தம். குணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. உணர்ச்சி சட்டென்று பற்றிக்கொள்கிறது, மற்றவர்களைவிடப் பல மடங்கு உயரத்துக்கு எரிகிறது, அணைய நேரம் பிடிக்கிறது. அடிப்படை இதுதான்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 1980இல் இது தனி நோயாக இடம்பிடித்தது. இப்போதைய கையேடு ஒன்பது அடையாளங்களைச் சொல்கிறது. கைவிடப்பட்டுவிடுவோமோ என்ற தாங்க முடியாத பயம், ஏறி இறங்கும் உறவுகள், நான் யார் என்பதில் நிலையில்லாமை, யோசிக்காமல் செய்யும் காரியங்கள், தன்னைக் காயப்படுத்திக்கொள்வது அல்லது தற்கொலை எண்ணம், மணிக்கு மணி மாறும் மனநிலை, தீராத வெறுமை, அடக்க முடியாத கோபம், நெருக்கடியில் வரும் சந்தேகம் அல்லது தன்னிலிருந்தே விலகிப்போன உணர்வு. இதில் ஐந்து இருந்தால் போதும். ஒன்பதில் ஐந்தோ அதற்கு மேலோ என்று கணக்குப் போட்டால் 256 விதமாகச் சேரலாம். அதனால்தான் ஒரே நோய் என்று சொல்லப்படுகிற இரண்டு பேர் ஒருவரையொருவர் கொஞ்சமும் ஒத்திராமல் இருக்கலாம். படத்தில் வருகிற, தட்டை உடைத்து, கத்தி, நடு ராத்திரியில் கதவைத் தட்டுகிற ஆள் ஒருவர். டம்ளரை இரண்டாம் தரம் கழுவுகிற ஆள் இன்னொருவர்.

இந்த இரண்டாவது ஆளைத்தான் இணையத்தில் 'க்வயட் பிபிடி' என்கிறார்கள், அதாவது அமைதியான பார்டர்லைன்; பிபிடி என்பது நோயின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். இந்தப் பெயரில் அதிகாரபூர்வமான நோய் எதுவும் கையேட்டில் கிடையாது. தியோடர் மில்லன் என்ற உளவியலாளர் பார்டர்லைனை நான்கு வகையாகப் பிரித்துக் காட்டியதில், எல்லாவற்றையும் தன் மேலேயே போட்டுக்கொண்டு சோர்ந்து பணிந்து போகிற ஒரு வகை இருக்கிறது. அது இதற்கு நெருக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலோ, 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில், ஆளுமைக் கோளாறுகளின் பழைய வகைகளைக் கலைத்துவிட்டு, எவ்வளவு தீவிரம் என்று பார்க்கும் முறைக்கு மாறிவிட்டது. பார்டர்லைன் மட்டும் ஒரு கூடுதல் குறிப்பாக நிற்கிறது. ஆகவே யாராவது டாக்டர் "க்வயட் பிபிடின்னு ஒண்ணும் இல்லைம்மா" என்றால், புத்தகப்படி அவர் சொல்வது சரி. ஆனால் பெயர் இல்லை என்பதற்காக அப்படிப்பட்டவர்கள் இல்லாமல் போய்விட மாட்டார்கள்.

அதே ஒன்பதும் உள்ளே திரும்பினால் எப்படி இருக்கும் என்பதுதான் இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டியது.

கைவிடப்படுகிற பயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே காட்டுகிறவர் "என்னை விட்டுப் போகாதே" என்று பிடித்து இழுப்பார். உள்ளே வைத்துக்கொள்கிறவர் இரண்டில் ஒன்று செய்வார். ஒன்று, யாரும் விட்டுப் போக முடியாத அளவுக்கு நல்லவராகிவிடுவார்: கேட்பதற்கு முன்னால் உதவி, எதற்கும் "பரவாயில்லை", மூன்று பேருடைய வேலையை ஒருவராக இழுத்துப்போட்டுக்கொண்டு செய்வது. இல்லையென்றால், அவர்கள் விட்டுப் போவதற்குள் தானே போய்விடுவார். சண்டை இருக்காது, விளக்கம் இருக்காது, ஒரு நாள் குரூப்பில் இருந்து வெளியேறியிருப்பார், போன் எடுக்க மாட்டார். எதிரில் இருப்பவருக்கு என்ன நடந்தது என்றே புரியாது. "திமிர் பிடிச்சவ" என்று பேர் வாங்குவதும் இப்படித்தான்.

ஒரே ஆள் திங்கட்கிழமை தெய்வமாகவும் வியாழக்கிழமை துரோகியாகவும் தெரிவது இந்த நோயில் பலரும் அறிந்த ஒன்று. அமைதியானவரிடமும் இது நடக்கும், ஆனால் வாய்க்கு வராது. அவர் மனதில் உங்களைத் தூக்கிலிட்டு, குற்ற உணர்ச்சியில் தவித்து, திரும்ப மன்னித்து முடித்திருப்பார், நீங்கள் காபி குடித்துக்கொண்டிருப்பீர்கள். கடைசியில் கெட்டவர் என்ற தீர்ப்பு எப்போதும் அவர் மேலேயே விழும். கோபமும் அப்படித்தான். கோபமே வராதவர் என்று ஊர் சொல்லும். வருகிற கோபம் முழுக்க வெட்கமாக மாறி உள்ளே இறங்கிவிடுகிறது, சிலருக்கு அது தன் உடம்பைக் காயப்படுத்திக்கொள்வதில் போய் முடிகிறது. ஊமைக்காயம் என்று நம் பாட்டிகள் சொல்வார்களே, மேல் தோலில் ஒன்றும் இருக்காது, உள்ளே ரத்தம் கட்டியிருக்கும், அதேதான்.

நான் யார் என்ற நிலையின்மை இன்னும் நைசாக ஒளிந்துகொள்ளும். என் தோழி யாரோடு இருக்கிறாளோ அவர்களாகவே மாறிவிடுவாள். என்னோடு இருக்கும்போது எனக்குப் பிடித்த பாட்டு அவளுக்கும் பிடிக்கும், அடுத்த அறைப் பெண்ணோடு இருந்தால் அந்தப் பெண்ணின் பேச்சு வழக்கே வந்துவிடும். ஹோட்டலில் "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் "நீ சொல்றதே எனக்கும்". நல்ல சுபாவம் என்று நாங்கள் நினைத்தோம். "எனக்கு எது பிடிக்கும்னு எனக்கே நிஜமா தெரியாது" என்று அவள் பிற்பாடு சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

யோசிக்காமல் செய்கிற காரியங்களும் இருக்கும், கதவு சாத்திக்கொண்டு நடக்கும். ராத்திரியில் ஒளித்து அளவில்லாமல் சாப்பிடுவது அல்லது நாள் கணக்கில் சாப்பிடாமலே இருப்பது, யாருக்கும் தெரியாமல் ஆன்லைனில் வாங்கித் தள்ளுவது, திடீரென்று வேலையை விட்டுவிடுவது.

இவ்வளவும் இருந்தும் ஏன் யாருக்கும் தெரிவதில்லை? முதல் காரணம், இவர்களில் பலர் வேலையில் கெட்டிக்காரர்கள், பிறந்த நாளை மறக்காமல் வாழ்த்துகிறவர்கள். இரண்டாவது, டாக்டர் முன்னாலும் நல்ல நோயாளியாகவே இருப்பார்கள். வெளியே முப்பது பேர் காத்திருக்கும்போது "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "இப்போ பரவாயில்லை டாக்டர்" என்று எழுந்துவிடுவார்கள். டாக்டர் கண்ணுக்குத் தூக்கமின்மையும் சோர்வும்தான் தெரியும், டிப்ரஷன் என்று எழுதுவார். அதுவும் பொய்யில்லை, டிப்ரஷன் கூடவே இருப்பது சகஜம். சிலருக்கு பைபோலார், அதாவது அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய், என்று எழுதப்படும். ஒரு முக்கியமான வித்தியாசம் நேரக் கணக்கில் இருக்கிறது: பைபோலாரில் ஒரு மனநிலை பொதுவாக நாட்கள், வாரங்கள் என்று நீடிக்கும். இதில் காலை, மதியம், ராத்திரி மூன்றும் மூன்றாக இருக்கலாம், பெரும்பாலும் பின்னால் ஒரு மனிதரோ ஒரு சொல்லோ இருக்கும். ஆண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பெண்கள்தான் அதிகம் என்பதால் இது பெண்களுக்கு வருவது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அமெரிக்காவில் 34,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில் ஆண், பெண் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பையன் பேசாமல் இருந்தால் "அவன் அப்படித்தான், அழுத்தக்காரன்" என்று விட்டுவிடுகிறோம்.

இதைப் படித்துவிட்டு "அட, இது நான்தான்" என்று தோன்றலாம். கொஞ்சம் நில்லுங்கள். கூச்ச சுபாவம் நோயில்லை, தனிமை பிடிப்பது நோயில்லை, காதல் முறிந்து ஆறு மாதம் அழுவது நோயில்லை. இளம் வயதில் தொடங்கி, வருடக்கணக்காக, ஒரு உறவில் மட்டுமில்லாமல் வருகிற உறவுகளில் எல்லாம் திரும்பத் திரும்ப இதே சுழல் வந்து வாழ்க்கையைக் குலைக்கிறதா என்பதுதான் கேள்வி. நீண்ட காலக் கொடுமையால் வரும் மனக்காயமும், கண்டறியப்படாத ஆட்டிசமும்கூட மேலோட்டமாகப் பார்த்தால் இதே சாயலில் இருக்கும். பிரித்துப் பார்த்துச் சொல்வது பயிற்சி உள்ளவர் வேலை. முப்பது செகண்ட் ரீலைப் பார்த்து உங்களுக்கு நீங்களே முத்திரை குத்திக்கொள்ளாதீர்கள்.

ஏன் வருகிறது என்று கேட்டால், ஒரே காரணத்தைக் கை காட்ட முடியாது. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள், ஏறத்தாழப் பாதி அளவுக்கு மரபின் பங்கு இருக்கலாம் என்கின்றன. மார்ஷா லினஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் முன்வைத்த விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது: பிறப்பிலேயே உணர்ச்சி கூடுதலாகப் பற்றிக்கொள்ளும் ஒரு குழந்தை, அந்த உணர்ச்சியை மதிக்கத் தெரியாத ஒரு சூழல், இரண்டும் ஒன்றையொன்று உரசி உரசி வளர்கின்றன. மதிக்காத சூழல் என்றால் அடி உதைதான் என்று இல்லை, அதுவும் பலருக்கு நடந்திருக்கிறது. "இதுக்கெல்லாம் யாராவது அழுவாங்களா", "நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க", "உன் தங்கச்சி எப்படி சமர்த்தா இருக்கா பாரு". அன்போடுதான் சொன்னார்கள், அவர்களும் இப்படிக் கேட்டே வளர்ந்தவர்கள். அழுதால் அன்பு குறையும், அடங்கினால் பாராட்டு கிடைக்கும் என்று ஒரு குழந்தை கணக்குப் போட்டுக் கற்றுக்கொள்கிறது. வெளியே வெடிப்பதற்கும் உள்ளே வெடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கு இந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

லினஹனின் கதை இதோடு சேர்ந்தே வருவது. 1961இல், பதினேழு வயதில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகரத்து மனநல மருத்துவமனையான இன்ஸ்டிட்யூட் ஆஃப் லிவிங்கில் சேர்க்கப்பட்டார். இரண்டு வருடத்துக்கு மேல் அங்கே இருந்தார், பெரும்பகுதி தனி அறையில். வெளியே வந்து, வேலை பார்த்துக்கொண்டே படித்து, உளவியல் பேராசிரியராகி, தான் விழுந்து கிடந்த அதே குழியில் கிடப்பவர்களுக்காக ஒரு சிகிச்சையை உருவாக்கினார். டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, சுருக்கமாக டிபிடி. அது பலன் தருகிறது என்று காட்டும் முதல் முக்கிய ஆய்வு 1991இல் வந்தது, சிகிச்சைக் கையேடு 1993இல் வந்தது. ஆனால் தன் கதையை அவர் வெளியே சொன்னது 2011இல், அதே மருத்துவமனையில் நின்றுகொண்டு. உலகமே அறிந்த நிபுணருக்கே இதை வாய்விட்டுச் சொல்ல ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது. நம் வீட்டுப் பெண் ஒரு ராத்திரியில் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்ள நமக்கு என்ன இருக்கிறது?

சிகிச்சையில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதைத் தோழி வழியாக நான் பார்த்ததிலிருந்து சொல்கிறேன். மனம் உச்சிக்கு ஏறியிருக்கும்போது யோசிக்கச் சொல்வது வீண், முதலில் உடம்பை இறக்க வேண்டும். அகலமான பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர், மூச்சை அடக்கி, குனிந்து, கண்ணும் கன்னமும் நனைய முகத்தைப் பதினைந்து முப்பது விநாடி வைத்து எடுப்பது. முகத்தில் குளிர்ந்த நீர் பட்டு மூச்சும் நின்றால் இதயத் துடிப்பைக் குறைக்கும் ஒரு அனிச்சைச் செயல் நம் எல்லோர் உடம்பிலும் இருக்கிறது. இதய நோய் உள்ளவர்களும் பட்டினி கிடப்பது, அளவில்லாமல் சாப்பிடுவது போன்ற உணவுப் பழக்கக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. அவளுக்கு இதற்கென்றே ஒரு நீல பேசின் உண்டு. ஃபிரிட்ஜில் ஐஸ் ட்ரே காலியானால் வீட்டில் யாராவது கேட்காமலே நிரப்பி வைக்கிறார்கள், எனக்கு அதில்தான் மனம் நிறைந்தது.

இறங்கிய பிறகுதான் நோட்டு. நடந்தது என்ன, நான் நினைத்தது என்ன என்று இரண்டு பக்கம். "சரி என்று பதில் வந்தது" ஒரு பக்கம். "அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை" மறுபக்கம். எழுதிப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று கண்ணுக்குத் தெரிகிறது. தலைக்குள் இருக்கும்போது இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

அப்புறம், வெட்கம் ஒளிந்துகொள்ளச் சொன்னால் அதற்கு நேர் எதிராக ஒரு சின்னக் காரியம். அமைதியானவர்களுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது இதுதான். வெடிக்கிறவர் வாயைக் கொஞ்சம் கட்டப் பழக வேண்டும், இவர்கள் வாயைத் திறக்கப் பழக வேண்டும். பெரிய வாக்குமூலமெல்லாம் வேண்டாம். ஹோட்டலில் "எனக்குத் தோசை" என்று சொல்வதில் அவள் தொடங்கினாள். பத்து நாள் எடுத்தது.

டாக்டரிடம் போகும்போது பேச்சு வராது என்று தெரிந்தால், முதல் நாளே ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு போய் நீட்டிவிடுங்கள். எத்தனை நாள் சாக வேண்டும் என்று தோன்றியது, உடம்பைக் காயப்படுத்திக்கொண்டேனா, எத்தனை உறவுகளைச் சொல்லாமல் அறுத்தேன், இவ்வளவு போதும். அவளுடைய நோய்க்குச் சரியான பெயர் கிடைத்தது அப்படி ஒரு பேப்பரால்தான். மாத்திரையைப் பொறுத்தவரை, இந்த நோய்க்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. கூட இருக்கும் டிப்ரஷனுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிறார்கள், அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. முக்கியமான சிகிச்சை பேச்சு வழியாகத்தான். டிபிடி தவிர, லண்டனில் பேட்மன், ஃபோனகி என்ற இரண்டு நிபுணர்கள் உருவாக்கிய முறை ஒன்றும் இருக்கிறது, மற்றவர் மனதிலும் தன் மனதிலும் என்ன இருக்கலாம் என்று நிதானமாக யோசிக்கப் பழக்குவது அது. முழுமையான டிபிடி தருகிறவர்கள் நம் ஊர்களில் குறைவு, செலவும் உண்டு. தொடங்குவதற்கு மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு போதும்.

குணமாகுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது மேரி ஸனாரினி குழுவின் ஆய்வு. அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் உள்நோயாளிகளாக இருந்த 290 பேரைப் பத்து வருடம் பின்தொடர்ந்தார்கள். 93 சதவீதம் பேருக்கு, நோய் என்று சொல்லும் அளவுக்கு அறிகுறிகள் இல்லாத காலம் குறைந்தது இரண்டு வருடம் தொடர்ந்து கிடைத்தது. வேலை, உறவு எல்லாம் சேர்ந்து முழுமையாக மீண்டவர்கள் பாதிப் பேர். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குத் தீவிரமாக இருந்தவர்களிடம் கிடைத்த கணக்கு இது.

வீட்டில் இருப்பவர்களுக்கு. "ஒண்ணுமில்லை" என்ற பதிலோடு எழுந்து போய்விடாதீர்கள், நான் போனதுபோல. "சரி, இப்போ சொல்ல வேண்டாம், நான் இங்கேதான் இருக்கேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரியுங்கள், துணி மடியுங்கள், எதுவானாலும். முடிந்ததை மட்டும் வாக்குக் கொடுங்கள்: எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன் என்றால் எட்டு மணிக்குக் கூப்பிடுங்கள், முடியாவிட்டால் ஏழே முக்காலுக்கு ஒரு வரி போடுங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்றுதான் ஆகும். "போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. இந்தியாவில் எந்த நேரமும் 14416க்கு இலவசமாக அழைக்கலாம், டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, தமிழிலும் பேசுவார்கள். சென்னையில் 1986இலிருந்து இயங்கும் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. இலங்கையில் அழைக்க வேண்டிய எண் 1926.

என் தோழி இப்போதும் சில நாள் தடுமாறுகிறாள். போன வாரம் அலுவலகத்தில் ஒரு மீட்டிங்கின் நடுவே அவளுக்கு நான் "சரி" என்று மட்டும் பதில் போட்டுவிட்டேன். நாற்பது நிமிடம் கழித்து மெசேஜ் வந்தது: "வெறும் சரின்னு போட்டிருக்க. கோபமா, இல்ல வேலையா?" அந்த நாற்பது நிமிடத்தில் நீல பேசின் வெளியே வந்ததா என்று நான் கேட்கவில்லை. "வேலை டி. ஆறு மணிக்குக் கூப்பிடறேன்" என்று போட்டேன். ஆறு மணிக்குக் கூப்பிட்டேன்.